வழுக்கையாத்தங்கரைச் சின்னப் பார்க்: ஒரு வருசம் போய் வந்த பிறகு எழுதிறன்

2024 தை மாசம்தான் முதல் முதல் போனது. இப்ப ஒரு கோடையும் ஒரு மாரியும் கண்டாச்சு, இனி எழுதினால்தான் சரி எண்டு நினைச்சு எழுதிறன். சண்டிலிப்பாய்ப் பக்கம் வழுக்கையாத்துக் கரையோட ஒரு சின்னப் பார்க் செய்திருக்கினம். போர்ட் ஒண்டும் பெரிசா இல்லை, மெயின் ரோட்டில இருந்து ஒழுங்கைக்குள்ள இறங்கினால் ஒழுங்கை முடியிற இடத்தில ஆறு, ஆத்தோட பார்க். ஆரையும் கேட்டால் "ஆத்தங்கரைப் பார்க்கோ, நேர போங்கோ" எண்டு கையைக் காட்டுவினம்.

வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்காக ஒண்டு சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்ல இருக்கிறது வழுக்கையாறு ஒண்டுதான், அதுவும் வருசம் முழுக்க ஓடாது. ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சால் தெல்லிப்பழை அளவெட்டிப் பக்கத்து வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி எண்டு வயலுக்கையும் குளத்துக்கையும் பூந்து வந்து அராலியில கடலோட சேரும். தை மாசியில தண்ணி கிடக்கும், பங்குனி வெய்யிலுக்கு வத்தத் தொடங்கும், ஆடி மாசம் போய்ப் பாத்தால் மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் அடிப்பினம், இதில ஆறு ஓடினது எண்டு புது ஆக்களுக்குச் சொன்னால் நம்பவே மாட்டினம். இப்பிடி வருசத்தில கொஞ்ச மாசம் மட்டும் தண்ணிக்குச் சொந்தமாக் கிடக்கிற கரையை என்ன செய்யிறது எண்டு ஊரில ஆருக்கும் தெரியேல்லை, அதாலதான் எல்லாரும் அதில குப்பையைக் கொட்டிப் பழகினது.

இந்த இடமும் அப்பிடித்தான் கிடந்தது. நான் கலியாணம் கட்டி இஞ்ச வந்த நாள் துவக்கம் பாத்திருக்கிறன். பிள்ளையளின்ர பம்பஸ், கோழிக்கடைக் கழிவு, வீடு திருத்தின ஆக்கள் கொண்டுவந்து பறிச்ச உடைஞ்ச ஓடு, அதுக்கு மேல இடுப்பளவுக்குப் பார்த்தீனியம். அது பூக்கிற காலத்தில என்ர மகனுக்கு இழுப்பு வரும், இரவிரவா இருத்தி வைச்சு முதுகு தடவின நாளெல்லாம் இருக்கு. ஒழுங்கையால போற பொம்பிளைப் பிள்ளையள் ரியூசன் முடிஞ்சு வரேக்க அந்த மூலையைத் தாண்டுறதுக்குச் சைக்கிளை இறுக்கி மிதிப்பினம். ஆத்தங்கரை ஒதுக்கு நிலம், ஆரும் உறுதி முடிச்சு வீடு கட்டேலாத காணி, அதால அது ஒருத்தரின்ர காணியும் இல்லை எண்டே சனம் நினைச்சிட்டுது.

பிறகு ஒழுங்கைச் சனமும் சனசமூக நிலையத்துப் பெடியளும் சேர்ந்து சிரமதானம் போட்டு, அலவாங்கும் மண்வெட்டியும் கடகமுமாக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமையளில துப்புரவாக்கினவை. வெளிநாட்டில இருக்கிற ஊராக்கள் கொஞ்சக் காசு அனுப்பினவை. அனுமதி எடுக்கத் திரிஞ்ச கதையை நான் இஞ்ச எழுதேல்லை, அது நீளம். கடைசியில கிடைச்சது, அது காணும்.

இனி என்ன இருக்கு எண்டு பாப்பம். இடம் மொத்தமா நாலு பரப்பு வரும். "நாலு பரப்புக்குள்ள என்ன பார்க்" எண்டு என்னட்டக் கேட்ட ஆக்களுக்கு நான் சொல்லுற பதில், நியூயோர்க் நகரத்துக்கு நடுவில பேலி பார்க் எண்டு ஒண்டு 1967 இல திறந்தது, அது வெறும் 4,200 சதுர அடி, எங்கட கணக்கில ஒண்டரைப் பரப்புக்குக் கொஞ்சம் கூட, மரம், இழுத்துப் போட்டு இருக்கக்கூடின கதிரை, ஒரு நீர்வீழ்ச்சிச் சுவர், அவ்வளவுதான், ஆனால் உலகத்தில சின்னப் பார்க் எண்டு கதைச்சால் முதல் அதைத்தான் சொல்லுவினம். அளவு காணாது எண்டு இல்லை. நிழலும் இருக்கிறதுக்கு ஒரு இடமும் வீட்டில இருந்து நடந்து போற தூரமும் இருந்தால் சனம் வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளை ஓட்டோவில ஏத்திப் பழைய பூங்காவுக்குக் கொண்டு போறது வேற, அது வெள்ளைக்காரர் ஆண்ட நேரம் இஞ்ச அரசாங்க அதிபரா இருந்த டைக் துரை காலத்துப் பெரிய இடம், பெரிய மரங்கள். பண்ணைக்குப் போய்க் கடல் காத்து வாங்கிறதும் வேற, 2021 கடைசியில திருத்தித் திறந்த ஆரியகுளத்தைச் சுத்தி நடக்கிறதும் வேற. எல்லாம் நல்ல இடங்கள்தான், நாங்களும் போறனாங்கள். ஆனால் அதுக்கெல்லாம் வெளிக்கிட வேணும், உடுப்பு மாத்த வேணும், காசு வேணும். இதுக்கு அம்மா வீட்டுச் சீலையோடயே வருவா.

எனக்கு முதல் நாளே பிடிச்சுப் போனது ரயர் ஊஞ்சல். லொறி ரயரைப் படுக்க வைச்சு மூண்டு சங்கிலி போட்டு, மரத்தில இல்லை, தனிய இரும்பு நட்டு அதில கட்டியிருக்கினம், மரத்துக்குக் காயம் வரக்கூடாது எண்டு. மகன் அதில ஏறிச் சுத்திக்கொண்டு நிக்கேக்க நான் சும்மா குனிஞ்சு ரயரின்ர அடிப்பக்கத்தைப் பாத்தன். நாலு விரல் இடைவெளிக்கு ஒரு ஓட்டை, சுத்திவரப் போட்டிருக்கு. மழைத் தண்ணி உள்ள நிக்காமல் வடியிறதுக்கு. யாழ்ப்பாணத்தில மார்கழி தை எண்டால் டெங்கு, ரயருக்குள்ள நிக்கிற தண்ணிதான் நுளம்புக்குத் தொட்டில், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் ஊரில எத்தினை விளையாட்டிடத்தில ரயரை அப்பிடியே தொங்க விட்டிருக்கினம். இஞ்ச ஆரோ ஒராள் துளைக்கிற மெசினோட ஒரு பின்னேரம் இருந்து அத்தினை ஓட்டையும் போட்டிருக்கிறார். அந்த ஓட்டையளைப் பாத்த உடனதான் இந்தப் பார்க்கை நம்பலாம் எண்டு எனக்குப் பட்டது.

இருக்கிறதுக்கு மேட்டுப் பக்கம் பனங்குத்தி, ஆத்துப் பக்கம் கொங்கிறீட் வாங்கு. ஏன் ரெண்டு விதம் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை, மாரி வந்த பிறகுதான் விளங்கினது, அதைப் பிறகு சொல்லுறன்.

நிலம் மண் நிலம். இன்ரர்லொக் கல் பதிக்கேல்லை. இதைக் குறையாச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், "கால் எல்லாம் புழுதி, ஒரு வடிவில்லை" எண்டு. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டன். எங்கட நிலத்துக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு, மழைத் தண்ணி இறங்கித்தான் கிணத்துக்கு நல்ல தண்ணி, எங்களுக்கு மலையில இருந்து ஓடி வாற ஆறு ஒண்டும் இல்லை, தண்ணி இறங்காமல் விட்டாலோ அளவுக்கு மிஞ்சி இறைச்சாலோ கடல் தண்ணி உள்ள ஏறும், உவர் ஏறின கிணறு எத்தினை ஊரில கிடக்கு. ஆத்தங்கரையில கொண்டுவந்து கல்லைப் பதிச்சுச் சீமெந்தால மூடினால் பாக்க வடிவா இருக்கும், படம் எடுக்கலாம், ஆனால் பங்குனி வெய்யிலுக்கு அதில வெறுங்காலோட பிள்ளை நிக்கேலாது, மாரியில தண்ணி பக்கத்து வளவுக்கை போகும். அமெரிக்காவில லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆறு 51 மைல் நீளம், 1938 வெள்ளத்துக்குப் பிறகு அதில கூடின பங்கைச் சீமெந்தால வாய்க்கால் மாதிரிக் கட்டிப் போட்டவை, கனகாலத்துக்குப் பிறகு இப்ப தெருவள் ஆத்தில போய் முடியிற மூலையளில சின்னச் சின்னப் பார்க் செய்து, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு வருகினம். அவை அவ்வளவு காசு குடுத்து மூடிப்போட்டுத் திரும்பித் தேடிறதை நாங்கள் மூடாமல் விட்டாலே காணும்.

மரம் இன்னும் சின்னன். மருது பதினொண்டு, பூவரசு, ரெண்டு இலுப்பை, கொன்றை. பழைய வேம்பு ஒண்டு முந்தியே நிண்டது, இப்போதைக்கு நிழல் முழுக்க அதுதான். மத்தியானம் பன்னிரண்டில இருந்து மூண்டு வரைக்கும் போகாதேங்கோ, அந்த வேம்புக்குக் கீழ மட்டும்தான் நிக்கலாம், அங்க ஏற்கனவே தாயக்கட்டை விளையாடுற ஐயாமார் இருப்பினம். நாலரைக்குப் பிறகுதான் நேரம். தை மாசியில போனால் தண்ணிக்கரையில கொக்கும் நீர்க்காகமும் நிக்கும், மீன்கொத்தி ஒண்டு மதகில வந்து இருக்கும். மகன் அதின்ர நீல நிறத்தைப் பாத்திட்டு வீட்டில வந்து பென்சில் பெட்டியில அந்த நீலம் இல்லை எண்டு அழுதவன்.

இனி மாரிக் கதை. 2024 கார்த்திகை கடைசியில பெங்கல் புயல் மழைக்கு யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம், எங்கட ஒழுங்கையில முழங்கால் அளவு. நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்ட நேரம் குடையோட போய்ப் பாத்தன். ஆத்துப் பக்கத்துப் பாதிப் பார்க் இல்லை, தண்ணிதான், கொங்கிறீட் வாங்கின்ர முதுகு மட்டும் ரெண்டு தெரிஞ்சது. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, எல்லாம் போச்சுதே எண்டு. அங்க நிண்ட ஐயா, அவர்தான் இந்த மரங்களுக்குத் தண்ணி ஊத்திறவர், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு அமைதியா நிண்டு பாத்துக்கொண்டு நிண்டார்.

"என்ன ஐயா, எல்லாம் தாண்டு போச்சு" எண்டு கேட்டன்.

"தாழத்தானே பிள்ளை வைச்சது. 2008 நிஷாப் புயலுக்கு அந்தா அந்த வேம்படி மட்டும் வந்தது. அதுக்கு மேலதான் ஊஞ்சலும் பனங்குத்தியும். கீழ இருக்கிறது ஆத்தின்ர பங்கு, அது வரும், இருந்திட்டுப் போகும்."

அப்பதான் எனக்கு ரெண்டு விதமான வாங்கும் விளங்கினது. தை பிறக்க முதல் தண்ணி இறங்கிட்டுது, பெடியள் ரெண்டு ஞாயிறு சேறு அள்ளிக் கழுவினவை, அந்தச் சேத்தை அப்பிடியே மருதுக்கு அடியில போட்டவை. போனது ரெண்டு பூவரசங் கண்டும் ஒரு குப்பை வாளியும்தான்.

எனக்கு உடன ஞாபகம் வந்தது கனடா. 2019 இல சித்தி வீட்டுக்கு ரொறன்ரோ போன நேரம் தம்பி, சித்தியின்ர மகன், ஹம்பர் ஆத்தங்கரையில ரேமோர் பார்க் எண்டு ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். புல்லு, மரம், நடக்கிற பாதை, நாய் கூட்டிக்கொண்டு போற ஆக்கள், எனக்கு ஒரு சாதாரணப் பார்க்காத்தான் தெரிஞ்சது. அவன்தான் சொன்னவன், இதில முந்தி வீடுகள் இருந்தது, 1954 ஒக்ரோபர் 15 ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி மழைக்கு ஆறு பெருகி வந்து இந்த ஒரு ரோட்டிலயே 35 பேர் செத்தவை, கனடாவில மொத்தம் 81 பேர். அதுக்குப் பிறகு ஆத்துப் பள்ளத்தில வீடு கட்டவேண்டாம் எண்டு முடிவெடுத்து அரசாங்கம் காணியளை எடுத்துப் பார்க்காக்கினது. ரொறன்ரோ ஆத்தங்கரையள் இண்டைக்கு அவ்வளவு பச்சையா இருக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம். நித்திரையில இருந்த குடும்பங்கள் அள்ளுப்பட்டுப் போன நிலத்தில நான் செருப்பைக் கழட்டிப்போட்டு நடந்திருக்கிறன் எண்டு நினைக்க அண்டைக்கு மேல் எல்லாம் கூசிச்சுது. எங்கட வழுக்கையாறு ஹம்பர் மாதிரிப் பெரிய ஆறில்லை, ஆனால் கணக்கு ஒண்டுதான். ஆறு வாற இடத்தில வீடு கிடந்தால் உயிர் போகும், வாங்கு கிடந்தால் சேறு படியும். ஆத்தங்கரையில வெறுமனே கிடக்கிற காணியைக் கண்ட உடன கடை கட்டலாமோ வாகனம் விடலாமோ எண்டு கேக்கிற எல்லாருக்கும் நான் சொல்லுறது இதைத்தான்.

குறையளையும் சொல்லத்தான் வேணும். ரொய்லற் இல்லை. சின்னப் பிள்ளையளோட போற தாய்மாருக்கு இது பெரிய கரைச்சல், பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனுசி, கேட்டால் விடுவா, ஆனால் எத்தினை தரம் கேக்கிறது. ஆத்தங்கரையில மலக்குழி தோண்டேலாது, கிணறுகளுக்குக் கூடாது, அது விளங்குது, ஒழுங்கை முகப்பில எண்டாலும் ஒண்டு கட்டவேணும். வெளிச்சமும் காணாது. சோலர் லைற் நாலு போட்டவை, மழைக்குப் பிறகு ஒண்டுதான் எரியுது, ஆறரைக்குப் பிறகு பொம்பிளையள் எழும்பிப் போடுவினம், அதுக்குப் பிறகு மோட்டச்சைக்கிள் பெடியள் வந்து இருப்பினம், சிலவேளை விடிய வெறும் போத்தில் கிடக்கும். அவையளைத் துரத்த வேண்டாம், அவையளும் ஊர்ப் பிள்ளையள்தான், போக வேற இடமில்லை. லைற் எரிஞ்சால் எல்லாரும் இருக்கலாம்.

மூண்டாவது எனக்கு மனதில நிக்கிற குறை. உள்ள இறங்கிற இடத்தில மூண்டு படி, பிடி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், என்ர தோளைப் பிடிச்சுத்தான் இறங்குவா. எங்கட ஒழுங்கையிலயே சண்டைக் காலத்தில கால் போன அண்ணை ஒராள் இருக்கிறார், அவர் சக்கர நாற்காலியில படி வரைக்கும் வந்து மேல நிண்டே எல்லாரோடையும் கதைச்சிட்டுத் திரும்பிப் போறார். யாழ்ப்பாணத்தில ஒரு பொது இடம் செய்யேக்க இதை முதல் யோசிக்க வேணும். படிக்குப் பக்கத்தில ஒரு சரிவு போட ரெண்டு பைக்கற் சீமெந்தும் ஒரு நாள் கூலியும் காணும். நான் பெடியளிட்டச் சொல்லியிருக்கிறன், சித்திரைக்குள்ள போடுறம் எண்டு சொன்னவை, நானும் காசு தாறன் எண்டிருக்கிறன். சரிவு போட்ட உடன இந்த எழுத்தைத் திருத்தி எழுதுவன். இப்போதைக்கு ஐஞ்சுக்கு நாலு குடுக்கிறன், அந்த மிச்ச ஒண்டு முழுக்க அந்தப் படிக்குத்தான்.

வேற ஊரில, பேர் வேண்டாம், என்ர அக்கா வீட்டுக்குக் கிட்ட ஒரு குளக்கரையில இதைவிட மூண்டு மடங்கு பெரிய பார்க் செய்தவை. நிண்ட வாகை மரத்தைத் தறிச்சுப்போட்டுக் கல்லுப் பதிச்சு, கலர் கலரா இரும்பு ஊஞ்சல், வாசலில வளைவு. திறந்த கிழமை சனம் தள்ளுப்பட்டது. ஆறு மாசத்தில ஊஞ்சல் சங்கிலி அறுந்தது, அக்காவின்ர மகளுக்கு நாடியில மூண்டு தையல். கடிதம் குடுத்தால் அந்த அலுவலகம் மற்ற அலுவலகத்தைக் காட்டும், அது திரும்ப இதைக் காட்டும், இப்ப கேற் பூட்டு, திறப்பு ஆரிட்ட எண்டு ஆருக்கும் தெரியாது. இஞ்ச கேற்றே இல்லை. சங்கிலியில துருப் பிடிச்சால் பின்னேரம் அதில இருக்கிற பத்துப் பேரில ஒராளின்ர கண்ணில படும், அடுத்த ஞாயிறு மாத்திப் போடுவினம். போன ஆவணியில அப்பிடி மாத்தினதை நானே பாத்தனான், சைக்கிள் கடை அண்ணை கொழுக்கியைக் கொண்டு வந்து மாட்டிப்போட்டு, தன்ர முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாத்த பிறகுதான் பிள்ளையளை ஏற விட்டவர்.

கடை கண்ணி ஒண்டும் உள்ள இல்லை, அது நல்லது. ஒழுங்கை முகப்பில பின்னேரம் ஒரு அம்மா கச்சானும் அவிச்ச மரவள்ளியும் வைச்சிருப்பா, கச்சான் சரை ஐம்பது ரூபா, கோதைப் போட ஒரு வெறும் பையும் சேத்துத் தருவா, திரும்பி வரேக்க அந்தப் பையை அவவிட்டயே குடுக்கலாம். சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போனால் பிளாஸ்ரிக் தாளைத் திரும்பக் கொண்டு வாங்கோ, இருக்கிற குப்பை வாளி ஒண்டுதான், மற்றது வெள்ளத்தோட அராலிக்குப் போட்டுது.

மோட்டச்சைக்கிளை ஒழுங்கை முகப்பில விட்டிட்டு நடந்து போங்கோ, திருப்ப இடம் இல்லை. செருப்பைக் கழட்டிப்போட்டு அந்த மண்ணில ஒருக்கா நடந்து பாருங்கோ. பிள்ளையள் மருதங் கண்டைப் பிடிச்சுத் தொங்கினால் ஐயா ஏசமாட்டார், கிட்ட வந்து "அப்பன், இது உன்னிலும் சின்னன்" எண்டு மெல்லச் சொல்லுவார், என்ர மகன் அதுக்குப் பிறகு வாற பிள்ளையள் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரியிறான். இனிக் கோடை தொடங்குது, ஆறு வத்திப் போடும், ஐயா ரெண்டு வாளியோட பக்கத்துக் கிணத்துக்கும் பார்க்குக்குமா நடப்பார். போறவை வீட்டில இருந்து ஒரு போத்தில் தண்ணி கூடக் கொண்டு போங்கோ, படியடியில நிக்கிற மருதுதான் இப்ப வாடிப்போய் நிக்கிறது.